புறநானூறு 243: தொடித்தலை விழுத்தண்டினார் இரங்குவது யாருக்காக?

கொக்குவில் வாசகன்:

அன்பானவர்களே, புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம். கோல் ஊன்றி நடக்கும் ஒரு முதியவர் தன் சிறுவயதை நினைக்கும் பாட்டு. பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டுக்குள் வரும் 'தொடித்தலை விழுத்தண்டு' என்ற தொடரையே பெயராக்கி, தொடித்தலை விழுத்தண்டினார் என்று வைத்துவிட்டார்கள். பூண் போட்ட தலையுடைய நல்ல ஊன்றுகோல் என்று பொருள். ஆளின் பெயர் போய், ஆள் பிடித்திருந்த பொல்லு மிஞ்சியிருக்கிறது.

பாட்டில் நடப்பது இது. நீர்த்துறை. ஈர மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டி விளையாடும் பெண்பிள்ளைகள். அவர்களோடு கைகோத்து, அவர்கள் தழுவினால் தழுவி, ஆடினால் ஆடி நிற்கும் பையன்கள். ஒளிவுமறைவு என்றால் என்னவென்றே தெரியாத கூட்டம். துறையைத் தொடுமளவுக்குத் தாழ்ந்து நிற்கிறது ஒரு மருத மரம். நீருக்குப் பக்கமாக வளைந்த கொப்பில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திடுக்கிட, தண்ணீர் சிதற, ஆழமான மடுவில் துடுமெனக் குதித்து, அடிவரை போய் ஒரு பிடி மணல் அள்ளி வருகிறான் பையன். 'கல்லா இளமை, அளிதோ தானே, யாண்டுண்டு கொல்லோ' என்று கேட்கிறார் கிழவர். இப்போது அவர் வாயில் இருப்பது 'இருமிடை மிடைந்த சில சொல்', அதாவது இருமலுக்கு இடையிடையே வரும் சில சொற்கள் மட்டும்.

இதை முதுமையின் ஏக்கப் பாட்டு என்று சொல்லிக் கடந்து போவதுதான் வழக்கம். எனக்கு அது போதவில்லை. இந்தப் பாட்டின் துறை, அதாவது பாடுபொருளின் வகை, கையறுநிலை. தலைவனோ வள்ளலோ இறந்தால், அவனை நம்பியிருந்தவர்கள் செயலற்று நின்று பாடும் பாட்டுக்குரிய துறை அது. இதற்கு முன்னால் நிற்கும் 242, 'முல்லையும் பூத்தியோ' என்று ஒல்லையூர்ச் சாத்தனின் சாவுக்கு அழுகிற பாட்டு. இரண்டு பாட்டுத் தள்ளி 245, மனைவியைச் சிதையில் வைத்துவிட்டு ஒரு சேர மன்னன் பாடியது. சாவீட்டுப் பாட்டுகளுக்கு நடுவே இந்தக் கிழவர் நிற்கிறார். இங்கே யார் இறந்தது? அழுகிறவனும் இறந்தவனும் ஒரே ஆளா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

வடமராட்சியான்:

நல்ல கேள்விதான். ஆனால் திணை, துறை வகுத்தது பாடியவர் அல்ல. பாட்டுகளைத் தொகுத்தவர்களோ அவர்களுக்குப் பிறகு வந்தவர்களோ எழுதிவைத்த குறிப்பு அது. அதன்மேல் இவ்வளவு பெரிய வீடு கட்ட வேண்டாம்.

கொக்குவில் வாசகன்:

சரி அண்ணை, தொகுத்தவரின் குறிப்பு என்றே வைப்போம். ஆனால் அவரும் ஒரு வாசகர்தானே. நமக்கு முன்னால் வாசித்த ஒருவருக்கு இந்தப் பாட்டில் ஒரு பிணம் தெரிந்திருக்கிறது. அதை நான் தள்ளிவிட மாட்டேன்.

தென்மராட்சியாள்:

இந்தப் பாட்டை எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தபோது, இளமை நிலையாது, ஆகையால் ஒழுங்காகப் படியுங்கள் என்று முடித்தார்கள். பாட்டில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பையன் படித்திருக்க வேண்டும் என்று கிழவர் எங்கேயும் சொல்லவில்லை. கல்லாத இளமை என்று அவர் சொல்வதில் பெருமைதான் இருக்கிறது.

எனக்கு இதோடு சேர்த்து வாசிக்கத் தோன்றுவது புறநானூற்றின் 112. பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி. 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின் எந்தையும் உடையேம்' என்று தொடங்கி, 'இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்' என்று திரும்புகிறது. அந்த நிலவில் தகப்பனும் இருந்தார், மலையும் எங்களுடையதாக இருந்தது. இந்த நிலவில் மலையை வேந்தர் கொண்டார்கள், தகப்பனும் இல்லை. இந்தப் பெண்பிள்ளைகளுக்கும் விழுத்தண்டினாருக்கும் நடந்தது ஒன்றுதான், எடுத்த காலம்தான் வேறு. கிழவருக்கு ஒரு வாழ்நாள் தேவைப்பட்டது. இவர்களுக்கு ஒரு நிலவுக்கும் இன்னொரு நிலவுக்கும் இடைப்பட்ட நேரம் போதுமாக இருந்தது.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குத் தப்பி, யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் முழுக்க செம்மணி வீதியால் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து எங்கள் பக்கம் வந்தது. எங்கள் வளவிலும் மாமரத்துக்குக் கீழே குடும்பங்கள் தங்கின. அதில் ஒரு பிள்ளைக்கு என் வயதுதான் இருக்கும். வந்தவுடன் கிணற்றடியில் நின்று தன் தம்பியைக் குளிக்க வார்த்தாள், அரிசி கழுவினாள், தாயைப் பிடித்து இருத்தினாள். முந்தின கிழமை அவளும் என்னைப்போல மாபிள் விளையாடிக்கொண்டு இருந்திருப்பாள். அவளிடம் பொல்லு இல்லை, இருமல் இல்லை, ஆனால் பேச்சு மட்டும் அந்தக் கிழவரின் பேச்சுப்போலச் சில சொல்லாக இருந்தது. காலம் என்பது வயதோடு மட்டும் போகிற ஒன்று என்று நான் அதற்குப் பிறகு நினைத்ததில்லை.

நல்லூர் மாணவி:

அக்கா சொன்னதை வாசித்துவிட்டு நெடுநேரம் வேறெதுவும் வாசிக்க முடியவில்லை.

என் கேள்வி கொஞ்சம் வேறு. இந்தப் பாட்டில் காதல் இருக்கிறதா? கைபிணைந்து, தழுவி என்றெல்லாம் வருகிறது. ஆனால் ஒரு பெண்ணையும் தனியாகக் காட்டவில்லை. 'யாயும் ஞாயும் யாராகியரோ' என்ற குறுந்தொகைப் பாட்டில் இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள், செம்மண்ணும் மழையும்போல் கலக்கிறார்கள். இங்கே ஒரு கூட்டமே கைகோத்து நிற்கிறது. விரிவுரையில் இதைக் கேட்டபோது, அது விளையாட்டு, காதல் இல்லை என்று பதில் வந்தது. எனக்கு ஒப்பவில்லை. 'மறை எனல் அறியா மாயமில் ஆயம்' என்று, மறைப்பதற்கு ஒன்றுமே இல்லாதவர்களாகத் தன் தோழர்களை ஒருவர் இத்தனை வருடம் கழித்து நினைக்கிறார் என்றால், அதற்கு வேறென்ன பெயர் வைப்பது?

பனங்கூடல்:

தங்கச்சி கேட்டது சரியான இடம். அகத்திணைக் காதலில் எப்போதும் ஒரு மறைவு உண்டு. களவு என்றே அதற்குப் பெயர். தாய்க்குத் தெரியாமல், ஊருக்குத் தெரியாமல், அலர், அதாவது ஊர்ப்பேச்சு, எழும்பிவிடுமோ என்ற பயத்தோடு நடப்பது. விழுத்தண்டினார் நினைப்பது அந்தக் களவு தொடங்குவதற்கு முந்தின காலத்தை. ஆளுக்கு ஆள் தனியாகப் பிரியாமல், நான், நீ என்று ஆகாமல் இருந்த அன்பு. பிறகு அந்த ஆயத்தில் இருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொருவரிடம் ஒன்றை மறைக்கக் கற்றிருப்பார்கள். அதைத்தான் அவர் முதலில் இழந்திருக்கிறார், பல் விழுவதற்கும் கண் மங்குவதற்கும் எவ்வளவோ முன்னால்.

இன்னொன்று. இந்தப் பாட்டில் மணல் இரண்டு இடத்தில் வருகிறது. கரையில் பெண்பிள்ளைகள் செய்த மணல் பாவை, மடுவின் அடியில் பையன் அள்ளிய மணல். அளவெட்டியில் பிறந்த ஈழத்துக் கவிஞர் மஹாகவி 'புதியதொரு வீடு' நாடகத்தில் எழுதிய நண்டுப் பாட்டு நம் எல்லாருக்கும் பாடம். சிறு நண்டு மணலில் கீறிய படத்தைக் கடல் வந்து கொண்டுபோகும் பாட்டு. மணலில் செய்தது நிற்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் மஹாகவியின் நண்டு மறுபடியும் கீறும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. விழுத்தண்டினாருக்கு அது இல்லை. அவர் அள்ளிய மணல் எங்கே போனது என்றே பாட்டில் இல்லை.

கீரிமலையான்:

எல்லாரும் கிழவரையும் பையனையும் பார்க்கிறீர்கள். நான் அந்தக் கரையில் நிற்பவர்களைப் பார்க்கிறேன். 'கரையவர் மருள' என்று ஒரு வரி போட்டிருக்கிறாரே, அது எதற்கு?

எங்கள் கீரிமலைக் கேணி உங்களுக்குத் தெரியும். கடலுக்கும் கேணிக்கும் நடுவே ஒரு சுவர்தான், அந்தப் பக்கம் உப்புத் தண்ணீர், இந்தப் பக்கம் நன்னீர் ஊற்று. கட்டில் ஏறிக் குதிக்காத பெடியன் எங்கள் ஊரில் இல்லை. கட்டில் ஏறினவன் முதலில் தண்ணீரைப் பார்ப்பதில்லை, சுற்றி நிற்பவர்களைத்தான் பார்ப்பான். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் குதிப்பான். அடிவரை போனதற்கு ஒரு பிடி மண்ணைக் கொண்டுவந்து காட்டினால்தான் போனதாகக் கணக்கு. விழுத்தண்டினாரின் பையனும் அதற்காகத்தான் மணல் அள்ளுகிறான். தனக்காக இல்லை. கரையில் நிற்பவர்களுக்குக் காட்ட.

1990இல் போரால் நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். பிறகு அந்தப் பகுதி முழுக்க இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். வருடக்கணக்காகத் திரும்பிப் போக முடியவில்லை. முகாமில் இருந்தவர்கள், உறவுக்காரர் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள், கப்பலேறினவர்கள், விமானமேறினவர்கள் என்று ஆள் ஆளாகப் பிரிந்தோம். இடத்தை விட்ட பிறகு நான் திரும்பிவந்து குடியேறினேன். கேணி இருக்கிறது, ஊற்று இருக்கிறது, சுவர் இருக்கிறது. இப்போதும் பெடியள் குதிக்கிறார்கள். ஆனால் நான் குதித்ததைக் கண்டவர்களில் ஊரில் மிஞ்சியிருப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் நன்றாகக் குதிப்பவன் என்று என் பிள்ளைக்குச் சொன்னால் அவன் சிரித்துக் கேட்டுவிட்டுப் போவான். 'ஓம், நான் கண்டனான்' என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும்.

'யாண்டுண்டு கொல்லோ' என்று கிழவர் கேட்பதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். என் இளமை எங்கே இருக்கிறது? கரையில் நின்று பார்த்தவர்களிடம் இருக்கிறது. அவர்கள் எங்கே?

கொக்குவில் வாசகன்:

அண்ணை, இந்தப் பாட்டை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். கரையவர் என்ற சொல்லில் ஒருநாளும் நின்றதில்லை. தான் யார் என்பது தன்னிடம் மட்டும் இருப்பதில்லை, ஒரு பங்கு பார்த்தவர்களின் கண்ணில் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் இழவு நடந்தது கிழவரின் உடம்பில் மட்டும் இல்லை. கரையும் வெறுமையாகிவிட்டது. கையறுநிலை என்று போட்டவர் காரணத்தோடுதான் போட்டிருக்கிறார்.

ஸ்காபரோத் தம்பி:

கீரிமலை அண்ணை, உங்களோடு நின்று பார்த்தவர்களில் என்னைப்போன்ற ஒருவனும் இருந்திருப்பான். நாங்கள் கரையை விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் எனக்கு அப்படிக் கேட்டது. இங்கே கனடாவில் பனிக்காலத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, நான் மரமேறிய ஆள் என்று யாரிடம் சொல்வது? இங்குள்ளவர்களுக்கு நான் வந்திறங்கிய நாளில் இருந்துதான் ஆள். அதற்கு முந்தின என்னைக் கண்டவர் எவரும் இந்த வீதியில் இல்லை. கரையை இழந்தவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறோம்.

பனங்கூடல்:

ஒருவர் வாழ்வு அவரைச் சுற்றியிருப்பவர்களில் தங்கியிருக்கிறது என்பதைப் பிசிராந்தையார் நேராகவே சொல்லியிருக்கிறார். புறநானூறு 191. இத்தனை வயதாகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்று கேட்கிறார்கள். மனைவி மாண்புடையவள், பிள்ளைகளும் நிரம்பியவர்கள், ஏவலர் என் எண்ணப்படி நடப்பவர்கள், வேந்தன் அல்லாதது செய்யான், இவை எல்லாவற்றுக்கும் மேல், அடங்கிய கொள்கையுடைய சான்றோர் பலர் வாழும் ஊர் என்னுடையது என்கிறார். தன் தலைமயிரின் நிறத்துக்குக் காரணம் கேட்டால் ஊரைக் காட்டுகிற மனிதர். எங்கள் தலைமுறைக்கு ஏன் இவ்வளவு வேளைக்கு நரைத்தது என்று யாராவது கேட்டால், அவருடைய பட்டியலை வரி வரியாகத் தலைகீழாக்கிச் சொல்லிவிடலாம்.

வடமராட்சியான்:

கொஞ்சம் பொறுங்கள். எல்லாரும் ஊரையும் கரையையும் இப்படி வடிவாகப் பேசுகிறீர்கள். எனக்கு ஒன்று உறுத்துகிறது.

எங்கள் ஊர்களில் யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம், யார் எந்தக் கேணியில் இறங்கலாம் என்று சாதிக் கணக்கு இருந்தது. கீரிமலைக்குக் கிட்டத்தான் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில். 1968இல் அந்தக் கோயிலுக்குள் நுழைய விடு என்று போராட வேண்டியிருந்தது. அதே மஹாகவிதான் 'தேரும் திங்களும்' எழுதினார். ஊர் கூடி இழுக்கும் தேரின் வடத்தைப் பிடிக்க வந்தவனை அடித்து வீழ்த்தியதைச் சொல்லும் கவிதை. அந்த மனிதனின் பிள்ளைக்கு எந்த மருத மரம்? அவன் எந்தக் கொப்பில் ஏறிக் குதித்திருப்பான்? கரையில் நின்றவர்கள் அவனைக் கண்டு மருண்டிருப்பார்களா, விரட்டியிருப்பார்களா? ஊர் சிதறிவிட்டது என்று அழும்போது, அந்த ஊருக்குள் சேர்க்கப்படாமலே இருந்தவர்களையும் நினைக்க வேண்டும். அவர்களுடைய இளமையைக் கண்டவர்கள் கண்டும் காணாதவர்களாக இருந்தார்கள்.

கீரிமலையான்:

உண்மை. இதை நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் இந்த இழை அரைகுறையாக இருந்திருக்கும்.

தென்மராட்சியாள்:

அண்ணை சொன்னதை வைத்துக்கொண்டு 'கல்லா இளமை' என்பதை நான் மறுபடி வாசித்தேன். உரைகளில் கல்வி இல்லாத, அறியாத இளமை என்று இருக்கும். எதை அறியாத இளமை? மறைக்க அறியாத இளமை என்று பாட்டே சொல்கிறது. அதோடு, இவரைத் தொடலாம், இவரைத் தொடக்கூடாது என்பதையும் இன்னும் கற்காத வயது அது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அந்த வயதில் ஒன்றாகத்தான் ஓடித் திரிந்தார்கள். பிறகு வீட்டில் கூப்பிட்டு இருத்திக் கற்பித்தார்கள். அந்தக் கல்வி ஏறாத கொஞ்சக் காலத்துக்காக ஒருவர் இரங்கினால், அதில் வெறும் பழம்பெருமை இருக்காது.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பையன் மரமேறிக் குதித்து, கிழவனாகி, கோலூன்றிப் பாட்டும் பாடிவிட்டார். மணல் பாவைக்குப் பூச்சூட்டிய பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அவர்களுக்கும் வயது போயிருக்கும். அவர்களில் ஒருத்தி பாடியிருந்தால் மரத்தையும் மடுவையும் பாடியிருப்பாளா? எனக்கென்னவோ, கைபிணைந்து நின்ற அந்த நேரத்தைத்தான் அவள் பாடியிருப்பாள் என்று படுகிறது. அவர் கை பிடித்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் குதித்ததைப் பல வரியில் சொல்கிறார்.

நல்லூர் மாணவி:

அக்கா, அந்தப் பெண் பாடிய பாட்டைத் தேடிக்கொண்டேதான் நானும் இருக்கிறேன். கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக 245 கையில் வந்தது. முதல் பதிவில் குறிப்பிட்டிருந்தது. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை பாடியது. மனைவியை எரியில் கிடத்திவிட்டு நிற்கிறான். துன்பம் எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, என் உயிரைப் போக்கும் வலு அதற்கு இல்லையே என்கிறான். 'இன்னும் வாழ்வல், என் இதன் பண்பே' என்று முடிக்கிறான். இன்னும் உயிரோடு இருக்கிறேன், இது என்ன தன்மை?

நான் தேடிய காதல் இங்கே இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வாசித்தபோது வேறு ஒன்று தெரிந்தது. மாக்கோதை இறந்தவளைப் பார்த்து அழுவதைவிட, இறக்காமல் நிற்கும் தன்னைப் பார்த்து அதிகம் திகைக்கிறான். விழுத்தண்டினாரும் அப்படித்தான். போன பையனைப் பற்றி ஒன்பது, பத்து அடி சொல்லிவிட்டு, கடைசியில் கோல் ஊன்றி நடுங்கி இருமிக்கொண்டு நிற்கும் தன்னிடம் வந்து நிறுத்துகிறார். தொடர்ந்து வாழ்வதுதான் இரண்டு பேருக்கும் விளங்காத விடயம். போனவர்கள் போனது விளங்குகிறது. மிஞ்சியவன் ஏன் மிஞ்சினான் என்பதுதான் விளங்கவில்லை.

என் அம்மம்மா 2009இல் வன்னியில் இருந்து வந்தவர். அவர் அடிக்கடி கேட்கும் கேள்வியும் இதேதான். அதை நான் இதுவரை முதுமையின் அலுப்பு என்று நினைத்துக்கொண்டு, அப்படிக் கதைக்காதையுங்கோ என்று தடுத்துவிடுவேன். இனித் தடுக்கப் போவதில்லை. அவர் கேட்கட்டும். ஒரு அரசனும் ஒரு கிழவரும் கேட்டுவைத்த கேள்விதான்.

ஸ்காபரோத் தம்பி:

அம்மம்மாவுக்கு இந்தப் பாட்டைச் சொல்லிக் காட்டுங்கள் தங்கச்சி. விளக்கம் தேவையில்லை, பாட்டை மட்டும்.

கொக்குவில் வாசகன்:

இப்போது என் முதல் கேள்விக்கு என் பதிலைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். அழுகிறவனும் இறந்தவனும் ஒரே ஆள் இல்லை. குதித்த பையன் வேறு ஆள். கிழவர் அவனைத் தன்னுடையவன் என்று உரிமை கொண்டாடவே இல்லை. இளமையைப் பார்த்து 'அளிதோ தானே' என்கிறார். அது இரங்கத்தக்கது, பாவம் என்கிறார். நான் பாவம் என்று சொல்லவில்லை. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தமாடித் தகப்பனை நினைத்துக் கடன் செய்கிறோமே, அப்படி இந்தப் பாட்டில் ஒரு கிழவர் தனக்கு முன்னே போய்விட்ட ஒரு சிறுவனுக்குக் கடன் செய்கிறார். பிள்ளை தகப்பனுக்குச் செய்வது முறை. இங்கே முறை மாறிக் கிடக்கிறது, அதனால்தான் இவ்வளவு கனக்கிறது.

வடமராட்சியான்:

இதை நான் ஏற்கவில்லை தம்பி. அந்தப் பையனை வேறு ஆளாக்கினால் கிழவருக்கு ஆறுதல் கிடைத்துவிடும். பாட்டில் ஆறுதல் இல்லை. கடைசிச் சொல் 'எமக்கே'. பெருமூதாளர் ஆகிய எமக்கு அது எங்கே என்று, குதித்தவனும் இருமுகிறவனும் ஒருவனே என்பதை விடாமல் பிடித்துக்கொண்டு முடிக்கிறார். வேறு ஆள் என்றால் வலிக்காது. ஒரே ஆள் என்பதால்தான் வலி. கீரிமலை அண்ணை சொன்ன சாட்சிகள் திரும்பி வந்து கரை நிறைய நின்றாலும் அந்த வலி போகாது.

கீரிமலையான்:

போகாதுதான். ஆனாலும் வந்து நிற்கட்டும்.

பனங்கூடல்:

நல்லூர்த் தங்கச்சி, 245ஐத் தனி இழையாகத் தொடங்குங்கள். இதற்குள் வைத்தால் மாக்கோதைக்கு இடம் போதாது. அவன் பேசுகிற களரி, கள்ளி, விறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.